கல்லூரி வாயில் எல்லார்க்கும் திறக்கும்

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

கல்வி என்பது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதன்று. அரசுப் பொதுத்தேர்வு எழுதி, மேல்நிலை வகுப்பில் சேர்ந்து, அதன்பின் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது நம் எல்லாருடைய ஆசை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், விடுதியா, வீட்டிலிருந்து பேருந்திலா என்று இப்போதே நாம் பேசிக்கொள்கிறோம். ஆனால் கண் தெரியாத ஒருத்தியோ, காது கேளாத ஒருத்தியோ, நடக்க இயலாத ஒருத்தியோ இதே ஆசையை வெளியிட்டால், அவளுக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கிறது. “இவ்வளவு படித்ததே போதும். இனி வீட்டோடு இருக்கட்டும்” என்று உறவினர் சொல்லிவிடுகிறார்கள். பெண்பிள்ளையாக இருந்தால் அந்தச் சொல் இன்னும் விரைவில் வந்துவிடுகிறது. சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்பினாலும் அச்சத்தினாலும் சொல்கிறார்கள். அந்த அச்சம் தேவைதானா, மாற்றுத்திறனாளி மாணவி ஒருத்தி கல்லூரியில் சேர்ந்து வெற்றி பெற என்னென்ன வழிகள் இருக்கின்றன, அதில் நம் கடமை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குறை யாருடையது?

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காண்கிறோம். இது இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்கிறார்கள். இரண்டும் அல்ல என்பது இயேசுவின் மறுமொழி. திருவள்ளுவரும் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தில், உறுப்பில் உள்ள குறையைப் பழியாகக் கருத வேண்டாம், முயலாமல் இருப்பதே பழி என்ற கருத்தைச் சொல்கிறார். ஆகவே, முன்பிறவி என்றும் தலைவிதி என்றும் பேசுவதை விட்டுவிட்டு, உண்மையில் தடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

நம் ஊர்ச் சென்னிமலையையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்கு 1320 படிகள் இருக்கின்றன. இளையவர்கள் படியேறிப் போகிறார்கள். முழங்கால் வலி உள்ள பாட்டிமாரும், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மாரும் மலைப்பாதையில் வண்டியில் போகிறார்கள். மேலே போனபின், “நீ படியேறாமல் வந்தவள், உனக்கு வழிபாடு இல்லை” என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. போய்ச் சேரும் இடம் ஒன்று; போகும் பாதை இரண்டு. சாலை போடுவதற்கு முன் மேலே போக முடியாமல் இருந்தவர்களுக்கு இருந்த தடை, அவர்கள் காலில் மட்டும் இருந்ததா? சாலை இல்லாததிலும் இருந்தது அல்லவா? கல்லூரியும் இப்படித்தான். படிகளை மட்டும் கட்டிவைத்துவிட்டு, ஏற முடியாதவளைப் பார்த்து, “உனக்குத் தகுதி இல்லை” என்று சொல்வது நியாயமாகாது.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். ஆறு வாரம் அவள் கட்டுடன் பள்ளிக்கு வந்தாள். நாள்தோறும் ஓடிக் களித்த மாடிப்படிகள் இருபத்து நான்கு என்பதை அப்போதுதான் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். தண்ணீர்க் குழாய் எவ்வளவு தொலைவு, கழிவறை வாசலில் எவ்வளவு உயரமான நிலைப்படி என்பதெல்லாம் அவளோடு நடந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்கு ஆறு வாரத்தில் கட்டு அவிழ்ந்தது. ஆயுள் முழுவதும் இப்படிப் படிகளை எண்ணியே வாழ்பவர்களை அன்று நினைத்துக்கொண்டோம். இக்கட்டுரைக்கு அதுவே தூண்டுதல்.

ஆறு புள்ளிகள் செய்த புரட்சி

மாற்றுத்திறனாளிகளின் கல்வி வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் லூயி பிரெய்ல். 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பிரான்சு நாட்டில் கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பாய்ந்தது. சீழ் மற்றக் கண்ணுக்கும் பரவியது; இரு கண்களும் போயின. பத்து வயதில் பாரீசு நகரில் இருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். சார்லசு பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி எழுத்து ஒன்று அந்தப் பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட அந்த முறை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதைச் சுருக்கி, ஆறு புள்ளிகளில் அடக்கி, 1824ஆம் ஆண்டளவில் புதிய எழுத்து முறையை பிரெய்ல் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது பதினைந்து! நம் வகுப்பு வயதுதான் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழியரே!

ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி எல்லாம் இவற்றுள் அடங்கிவிடும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான ‘பாரதி பிரெய்ல்’ முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பாடநூல்களும் அம்முறையில் அச்சாகின்றன. விரலால் தடவித் தமிழ் படிப்பவர்கள் இன்று நம் மாநிலத்தில் இருக்கிறார்கள் என்றால், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் விடாமல் முயன்றதே அதற்குக் காரணம்.

கல்லூரிப் படியேறிய முதல் பெண்

எலன் கெல்லர் அம்மையாரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அமெரிக்காவில் 1880இல் பிறந்த அவருக்குப் பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயால் பார்வையும் போயிற்று, செவிப்புலனும் போயிற்று. 1887இல் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை வந்து, உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டிக் கற்பித்தார். இதுவரை எல்லாரும் அறிந்த கதை. அவர் கல்லூரியில் சேர்ந்த கதை பலருக்குத் தெரியாது.

ராட்கிளிப் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுத அவர் முனைந்தபோது, தடை பாடத்தில் இல்லை, வினாத்தாளில் இருந்தது. 1899இல் நடந்த இயற்கணிதத் தேர்வின் வினாத்தாளை அமெரிக்க பிரெய்ல் முறையில் தயாரித்திருந்தார்கள். அவர் கணக்குக்குப் பழகியிருந்ததோ ஆங்கில பிரெய்ல் முறை. குறியீடுகள் வேறு. வினாவைப் படித்துக் காட்ட ஆசிரியை சல்லிவனுக்கும் அனுமதி இல்லை. பழகாத குறிகளை வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி எழுதியும் தேர்ச்சி பெற்றார். 1900இல் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் பேராசிரியர் பேசப் பேச, ஆசிரியை சல்லிவன் பக்கத்தில் அமர்ந்து அவர் கையில் எழுத்துக்கூட்டினார். கேட்டுக்கொண்டே குறிப்பெழுத அவரால் முடியாது. கை வேறு வேலையில் இருக்கிறதே! வீட்டுக்கு வந்தபின் நினைவில் நின்றதைக் கொண்டுதான் குறிப்பெழுத வேண்டும். இப்படி நான்கு ஆண்டுகள் உழைத்து 1904இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் இரண்டும் இல்லாத ஒருவர் கலையியல் பட்டம் பெற்றது உலகில் அதுவே முதல் தடவை. 1955இல் நம் இந்திய நாட்டுக்கும் அவர் வந்து சென்றார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவருக்குக் கணக்குத் தெரியும். வினாத்தாள் அவருக்குத் தெரிந்த குறியில் இருந்திருந்தால் அந்தத் துன்பமே இல்லை. அறிவைச் சோதிக்க வேண்டிய தேர்வு, வேறெதையோ சோதித்துவிட்டது.

நம் தமிழ்நாட்டு மங்கையர்

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு மூவரைக் காட்டலாம்.

முதலாமவர் பெனோ செபின். சென்னையில் 1990இல் பிறந்தார்; பிறவியிலேயே முழுமையாகப் பார்வை இல்லை. தந்தை இரயில்வே ஊழியர், தாய் இல்லத்தரசி. சென்னை லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியில் படித்தார். பின் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலையும், லயோலாக் கல்லூரியில் முதுகலையும் படித்தார். தாயார் புத்தகங்களையும் நாளிதழ்களையும் உரக்கப் படித்துக் காட்டுவாராம். கணினித் திரையில் உள்ள எழுத்துக்களை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் ‘ஜாஸ்’ என்னும் மென்பொருளும் துணை செய்தது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகப் பணிபுரிந்துகொண்டே குடிமைப்பணித் தேர்வு எழுதி, 2013ஆம் ஆண்டுத் தேர்வில் 343ஆம் இடம் பெற்றார். 2015இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் நியமனம் பெற்றார். முழுப் பார்வையின்மை உள்ள ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதல் தடவை. கான்வென்ட் பள்ளியில் படித்த ஒரு பெண் நாட்டின் தூதுவர் வரிசையில் நிற்கிறார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

இரண்டாமவர் மாளவிகா ஐயர். கும்பகோணத்தில் பிறந்து, இராசத்தானத்தில் பிகானேரில் வளர்ந்தவர். 2002ஆம் ஆண்டு மே மாதம், பதின்மூன்று வயதில், ஒரு வெடிகுண்டு விபத்தில் இரு கைகளையும் இழந்தார். கால்களும் கடுமையாகச் சிதைந்தன. சென்னையில் நீண்டகாலம் சிகிச்சை பெற்றார். 2004இல், பள்ளிக்கே போகாத நிலையில், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விண்ணப்பித்தார். சில மாதங்களே படித்து, தாம் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுத, மாநில அளவில் சிறப்பிடம் பெற்றார். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை அழைத்துப் பாராட்டினார். பின் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளாதாரமும், தில்லியிலேயே சமூகப்பணி முதுகலையும் பயின்று, சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டமும் பெற்றார். 2018இல் மகளிர் ஆற்றலுக்கான நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது.

மூன்றாமவர் மதுரை பூரண சுந்தரி. ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். பெற்றோர் பாடங்களைப் படித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே கற்றார். வங்கியில் பணியாற்றிக்கொண்டே குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்தார். மூன்று முறை கிட்டாத வெற்றி நான்காம் முறை கிட்டியது. 2020இல் வெளியான முடிவில் 286ஆம் இடம் பெற்றார்.

இம்மூவரும் அறிவில் சிறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூவர் வாழ்விலும் மூன்று பொருள்கள் பொதுவாக இருந்தன. தம் முயற்சி ஒன்று. வீட்டாரின் துணை ஒன்று. எழுதித் தருபவர், பேசும் கணினி போன்ற ஏற்பாடு ஒன்று. தறியில் பாவு மட்டும் இருந்தால் போர்வை ஆகாது. ஊடையும் ஓட வேண்டும் என்பதை நெசவு ஊரில் பிறந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முயற்சி பாவு என்றால் உதவி ஊடை.

சட்டம் தரும் உரிமைகள்

இந்த உதவி யாரோ இரக்கப்பட்டுத் தருவதன்று. சட்டம் தந்த உரிமை. பெற்றோர்கள் இப்பகுதியைச் சற்றுக் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

1995இல் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் முதன்முதலில் வந்தது. அது ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதற்குப் பதிலாக 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் துன்பப்படும் கற்றல் குறைபாடும், மூளை முடக்குவாதமும், தசைச் சிதைவு நோயும் இவற்றுள் அடங்கும்.

இச்சட்டப்படி, அரசு உயர்கல்வி நிலையங்களும் அரசு உதவி பெறும் பிற உயர்கல்வி நிலையங்களும் 100 இடங்களில் 5 இடங்களுக்குக் குறையாமல் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். மைய அரசின் தனித்துவ அடையாள அட்டையையும் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. வழிமுறைகளை அங்கே கேட்டறியலாம். சேர்க்கை நேரத்தில் சான்றுக்காக அலைவதைவிட, பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே வாங்கிவிடுவது எளிது.

தேர்வில் கையால் எழுத முடியாதவர்கள் எழுதித் தருபவர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு. அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்கு, 40 விழுக்காடு இல்லை என்று சொல்லி எழுதித் தருபவரை மறுத்தது தவறு என்றது அத்தீர்ப்பு.

“கூடுதல் நேரம் தந்தால் மற்றவர்களுக்கு அநீதி அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். விடையை மனத்தில் அமைத்து, வாயால் சொல்லி, எழுதுபவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்த வேண்டியவளுக்கு மூன்று மணி நேரம் எங்கே போதும்? கூடுதலாகத் தரும் நேரம் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கன்று. எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்கே.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. சேரும் முன்பே ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வகுப்பறை தரைத்தளத்திலா, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்கிறதா, கழிவறைக் கதவு அகலமா, நூலகத்தில் பேசும் கணினி உண்டா என்று கேட்க வேண்டும். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ நாள்தோறும் போய்வர முடியுமா, விடுதியே நல்லதா என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். பேருந்தின் முதல் படி உயரமானது. காலைக் கூட்டத்தில் அதில் ஏறுவதே பெரும்பாடு.

சில கல்லூரிகளில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. சென்னை அடையாற்றில் காது கேளாதவர்களுக்கென்றே புனித லூயிஸ் கல்லூரி நடக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் காது கேளாத மாணவர்க்காக வணிகவியல், கணினிப் பட்ட வகுப்புகள் உண்டு. லயோலாக் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்க்கான வள மையம் இருக்கிறது. நம் கோயமுத்தூர்ப் பகுதியில் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தில், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் துறை நடக்கிறது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவி தன் தேவையைத் துறைத்தலைவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காது மந்தமானவள், “அம்மா, கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் எங்களைப் பார்த்துப் பேசுங்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்” என்று சொல்லலாம். பார்வை குறைந்தவள் முதல் வரிசையில் இடம் கேட்கலாம். பார்வையற்றவள் புத்தகப் பட்டியலை முன்னதாகவே வாங்கிக்கொண்டால், ஒலிப்பதிவு செய்துகொள்ள நேரம் கிடைக்கும். ‘ஜாஸ்’ மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும். ‘என்விடிஏ’ என்ற மென்பொருளோ இலவசம். அதை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் இருவரும் பார்வையற்றவர்களே. அது தமிழையும் படித்துக் காட்டும். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. கேட்காமல் இருந்து தேர்வு நேரத்தில் தவிப்பதைவிட, தொடக்கத்தில் வாய் திறந்து கேட்பது மேல்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், முடக்குவாதம் உற்ற ஒருவரை நால்வர் சுமந்துகொண்டு கப்பர்நாகூமில் இயேசு இருந்த வீட்டுக்கு வருகிறார்கள். வாசலில் கூட்டம்; நுழைய வழியில்லை. நால்வரும் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து, கட்டிலோடு அவரைக் கீழே இறக்கினார்கள். அந்த நால்வர் மருத்துவர்களும் அல்லர், செல்வர்களும் அல்லர். வாசல் அடைபட்டால் வேறு வழி காண வேண்டும் என்று நினைத்தவர்கள். அத்தகைய தோழியராக நாம் இருக்க முடியாதா?

ஒருத்தியால் மாடி ஏற முடியாவிட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, வகுப்பையே கீழே இறக்குவது சிறந்தது. இதை நம் அருட்சகோதரிகளிடமும் ஆசிரியைகளிடமும் பணிவுடன் விண்ணப்பிக்கிறோம். பார்வையற்ற தோழிக்கு ஒரு பாடத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்து தர அரைமணி நேரம் போதும். படிக்கும் நமக்கும் அப்பாடம் மனத்தில் பதியும். வழிகாட்டும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவள் பிடித்துக்கொள்ளும்படி தர வேண்டும். “ஐயோ பாவம்” என்ற சொல்லை அடியோடு விட்டுவிட வேண்டும். பிற்காலத்தில் யாருக்கேனும் தேர்வு எழுதித் தரும் வாய்ப்பு வந்தால், அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த விடையைச் சேர்ப்பதும் தவறு. அவள் சொன்னதைக் குறைப்பதும் தவறு. ஒருவருக்குக் கையாக இருப்பது எளிதன்று. தன் கருத்தை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவளே நல்ல கையாக இருக்க முடியும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட மகள் இருந்தால் அவளை வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் இருக்கும்வரை அவளுக்குச் சோறு போடுவீர்கள். உங்களுக்குப் பின்னும் அவள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ, கல்வி ஒன்றே துணை. நகையும் நிலமும் கைமாறிப் போகலாம். படித்த படிப்பை யாரும் பறிக்க முடியாது. அண்ணனும் தம்பியும் கல்லூரிக்குப் போகும் வீட்டில் அவளுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வாங்குங்கள்.

தோழியரே! அடுத்து வரும் ஆண்டுகளில் நாம் எல்லாரும் ஏதேனும் ஒரு கல்லூரி வாயிலில் நுழைவோம். நமக்குப் பின்னால் ஒருத்தி ஊன்றுகோலுடனோ, வெள்ளைப் பிரம்புடனோ, காதில் கருவியுடனோ வந்தால், கதவைத் திறந்து பிடிப்பதோடு நின்றுவிடாமல், பக்கத்து இருக்கையில் அவளுக்கு இடம் வைப்போம். அவளும் நம்மைப் போலவே படிக்க வந்தவள்.